அசையாத பெட்டி

டியூப்காரருக்கு எரிச்சல் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. முன்னால் போகிறவன் இடப்பக்கம் சிக்னல் போட்டுவிட்டு நேராகப் போனால் போதும். பேனாவை இரவல் வாங்கியவர் மூடியில்லாமல் திருப்பிக் கொடுத்தால் போதும். வீட்டுக் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கினால் அன்று முழுக்க அவரோடு யாரும் பேச முடியாது. "எல்லாருக்கும் மூக்குக்கு மேல கோபம் வரும். இவருக்குக் கோபம் மட்டும்தான் இருக்கு, மூக்கு எங்கன்னு தேடணும்" என்பாள் அவர் மனைவி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த எரிச்சலோடு இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியதில் ஒரு நாள்கூட அவர் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. முதல் பத்து வருடம் ரொட்டிக் கம்பெனி வேன். சூடு ஆறுவதற்குள் ரொட்டி கடைக்குப் போய்விடும். தன் ஹார்ன் சத்தத்தைக் கேட்டுத்தான் கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு பன்னிரண்டு வருடமாக அவர் ஏற்றிப்போவது ரத்தம். மலைமேல் ஒரு சின்ன கிளினிக். அங்கே ஒரு நர்ஸ் காலையில் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துச் சின்னச் சின்ன டியூப்களில் நிரப்பி வைப்பார். அவற்றை நீலப் பெட்டியில் அடுக்கி, தன் சின்னக் காரில் கீழே நகரத்து லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் வேலை. இவர் பெயர் கிளினிக்கில் யாருக்கும் ஞாபகமில்லை. டியூப்காரர் வந்தாச்சா, டியூப்காரர் போயாச்சா, அவ்வளவுதான். நோயாளிகளையும் இவருக்குத் தெரியாது. டியூப்மேல் ஒட்டியிருக்கும் எண்தான் தெரியும். எண்ணை நோட்டில் எழுதுவார், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார், கிளம்பிவிடுவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆற்றுப் பாலத்தில் விரிசல் விழுந்து அதை மூடும்வரை.

பாலத்தை மூடியதும் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரப் பாதை எண்பத்தைந்து நிமிடமானது. கூடிய இருபத்தைந்து நிமிடமும் வெறும் வளைவு. லேபிலோ ஒரு சட்டம். ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் டியூப் மெஷினுக்குள் போயாக வேண்டும். அந்த மெஷின் டியூப்பைச் சுழற்றும். சிவப்பெல்லாம் அடியில் தங்கி மேலே மஞ்சளாக ஒரு நீர் தெளிந்து நிற்கும். அந்த நீரில்தான் பரிசோதனை எல்லாம்.

நர்ஸ் காலை ஏழரைக்கு முதல் ஊசியைக் குத்துவார், எட்டுக்கு முடிப்பார். டியூப்காரர் எட்டு அடிக்கும்போது உள்ளே வருவார். பத்து நிமிடம் உட்கார்ந்து எண்களை எழுதிவிட்டு எட்டு பத்துக்குக் கிளம்புவார். சுற்றுவழியில் லேபை அடையும்போது ஒன்பது முப்பத்தைந்து. முதல் டியூப்புக்கு அப்போது இரண்டு மணி ஐந்து நிமிட வயது.

ஐந்தே நிமிடம். ஆனால் டியூப் வாங்கி வைக்கும் லேப் மேடம் ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. முதல் இரண்டு டியூப்களை எடுத்துத் தனியாக வைத்தார். "டைம் முடிஞ்சுடுச்சு. திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"மேடம், பாலம் மூடியிருக்கு."

"ரத்தத்துக்குப் பாலம் தெரியாதுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமதம். டியூப்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் வளைவுகளில் வேகமாகப் போய்ப் பார்த்தார். கார் பதினான்கு வயதுக் கிழம். திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, அப்புறம்தான் திரும்பும். பின்சீட்டில் பழைய போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்திருந்த பெட்டி, இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாகப் போய் வந்தது. வேகத்தைக் குறைத்தார். மறுபடியும் ஐந்து நிமிடம் தாமதம்.

இந்த இடத்தில்தான் மைத்துனன் வருகிறான். மனைவியின் தம்பி. ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். சும்மா ஓடுகிற வண்டியை வாங்கி வந்து, இது சும்மா ஓடக் கூடாது என்று எதையாவது மாட்டிவிடுகிறவர்கள் எல்லாம் அவனிடம்தான் போவார்கள். அவனிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் அதற்கு ஒரு கம்பி வைத்திருப்பான்.

"மச்சான், உங்க வண்டிக்கு உடம்பு தளர்ந்துபோச்சு" என்றான். ஒரு செருப்பு டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் முறுக்கிக் காட்டினான். டப்பா நெளிந்தது. மூடியைப் போட்டு முறுக்கினான். நெளியவில்லை. "பாத்தீங்களா? வளைவுல உங்க பாடி இப்படித்தான் நெளியுது. ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிச்சுக் கம்பி போட்டா நெளியாது. சொன்ன பேச்சு கேக்கும்."

டியூப்காரர் யார் சொல்லியும் எதையும் நம்புகிறவர் இல்லை. செருப்பு டப்பாவை மட்டும் நம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் மூன்று கம்பிகள் ஏறின. ஒன்று எஞ்சினுக்கு மேலே, இரண்டு பக்கத்து ஷாக் அப்சர்பரின் தலைகளையும் சேர்த்துப் பிடிக்க. ஒன்று முன்பக்கம் அடியில். மூன்றாவது டிக்கிக்குள், பின்சக்கரங்களுக்கு மேலே குறுக்காக. முதல் இரண்டும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்தன. மூன்றாவதுதான் அடம்பிடித்தது. வண்டி இடது பின்மூலையில் மட்டும் ஜாக்கியில் நின்றது. ஒரு பக்கம் போல்ட் இறங்கினால் மறுபக்கம் ஓட்டை ஒரு விரல் தள்ளி நின்றது. மைத்துனன் கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை இறக்கி, முழு பலத்தையும் போட்டு முறுக்கினான்.

டீ கொண்டுவந்த மனைவி பின்கதவைச் சாத்திப் பார்த்தாள். "என்னடா தம்பி, கதவு சாத்த மாட்டேங்குது? கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கு."

"வண்டி இறுகிடுச்சுக்கா. அதான் கதவும் இறுக்கம்."

மனைவிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் வண்டியைப் பற்றி அவள் எது சொன்னாலும் இரண்டு ஆண்களும் ஒரே மாதிரிச் சிரிப்பார்கள். டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியாக டியூப்காரர் தன் மூளையையும் கொஞ்சம் செலவழித்தார். இனிமேல் பெட்டி பின்சீட்டில் உருள வேண்டாம் என்று, டிக்கியில் இருந்த புதுக் கம்பியோடு சேர்த்து அதை இரண்டு பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. போர்வையை உதறி மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டதும் வண்டியின் மூக்கு திரும்பியது. சாய்வில்லை, யோசனையில்லை. முன்பு இரண்டாவது கியருக்கு இறங்கிய வளைவுகளில் மூன்றாவதிலேயே போனார். ஒன்பது இருபதுக்கு லேப் வாசலில் நின்றார். எழுபது நிமிடம்! மேடத்தின் முகத்தில் ஒரு ஆச்சரியத்தை எதிர்பார்த்து மேசைமுன் நின்றார். மேடம் டியூப்களை எண்ணி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் நாலு டியூப். மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய நீர் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"செல்லெல்லாம் உடைஞ்சிருக்கு. இத டெஸ்ட் பண்ணா உப்பு அதிகமா இருக்குன்னு தப்பா காட்டும். திரும்ப எடுக்கணும்."

"ஏன் உடையுது?"

"ஒண்ணு குலுங்கியிருக்கணும். இல்ல எடுக்கும்போதே கெட்டிருக்கணும்."

"குலுங்கவா? என் வண்டியிலயா? மேடம், நீங்க வேணா வந்து பாருங்க, பெட்டி ஒரு நூல் அசையாது!"

"அப்ப எடுக்கறதுலதான் ஏதோ கோளாறு" என்றார் மேடம், அடுத்த பெட்டியைத் திறந்துகொண்டே.

இந்த ஒரு வாக்கியம் டியூப்காரர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் மூன்று டியூப் ரோஸ். அதற்கு மறுநாள் ஐந்து. ஒவ்வொரு ரோஸ் டியூப்புக்கும் மேலே கிளினிக்கில் யாரோ ஒருவர் மறுநாள் வந்து மறுபடியும் கையை நீட்ட வேண்டும். மூன்று வாரத்தில் அவர் நோட்டே அலங்கோலமாகிவிட்டது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதிலும் நானூற்றுப் பதினேழு என்று ஒரு எண். வாரா வாரம் வரும், கெட்டுப்போகும், மறுநாள் வரும், அதுவும் கெட்டுப்போகும். அந்த எண்ணைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நன்றாக ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தும் பெயர் கெடுகிறதே என்று வழியெல்லாம் பொருமினார்.

நர்ஸிடம் நேராகவே கேட்டார். "ஊசியை எப்படிப் பிடிக்கறீங்க?"

நர்ஸ் பஞ்சை மடித்துக்கொண்டே நிமிர்ந்தார். "கையாலதான்."

"விளையாடாதீங்க. இழுக்கற இழுப்புலதான் உடையுதுன்னு கீழ சொல்றாங்க."

"நான் பன்னெண்டு வருஷமா இப்படித்தான் எடுக்கறேன். இந்த மூணு வாரமாத்தான் உடையுது. மூணு வாரத்துக்கு முன்னாடி நீங்கதானே என்னமோ வண்டியில மாட்டினதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?"

"என் வண்டியப் பத்திப் பேசாதீங்க!"

"என் ஊசியப் பத்தி நீங்க பேசலாமா?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். எழுத்தில் புகார் கொடுப்பது என்று முடிவுகட்டினார்.

கிளினிக்குக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி, அதில் ஒரு அக்கா. மனு, விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் எது வேண்டுமானாலும் வாயால் சொன்னால் போதும், அக்கா அடித்துக் கொடுத்துவிடுவார். அன்று வெயில் கொளுத்தியது. அக்கா மணிக்கட்டு வரை மூடிய முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார். வலது கையைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

"எழுதுங்க. மேற்படி நர்ஸுக்கு ரத்தம் எடுக்கும் திறமை போதாததால்..."

அக்காவின் கை நின்றது. "திறமை போதாதுன்னே போடணுமா?"

"போடுங்க. நான் என்ன பொய்யா சொல்றேன்? நோயாளிங்க எத்தன தடவ குத்து வாங்கறாங்க தெரியுமா?"

"தெரியும்" என்றார் அக்கா. அடித்தார். வலது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு, மறுபடி அடித்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் அடிங்கக்கா. எனக்கு நேரமாகுது" என்றார் டியூப்காரர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

கடிதம் கீழே, கிளினிக்கையும் சேர்த்து நடத்தும் லேப் ஆபீஸுக்குப் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை மெமோ மேலே வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் நர்ஸ் ஊசி போடும் பணியிலிருந்து விலக்கப்பட்டு லேபின் ஸ்டோர் ரூமுக்கு மாற்றப்படுவார். பஞ்சுப் பொட்டலம் எண்ணுகிற வேலை. அங்கே போனவர்கள் யாரும் திரும்ப வார்டுக்கு வந்ததில்லை.

நர்ஸ் அழவில்லை, கத்தவும் இல்லை. மெமோவை மேசைமேல் விரித்து வைத்தார். "படிச்சுப் பாருங்க. உங்க புண்ணியம்."

டியூப்காரர் படித்தார். சும்மா ஒரு எச்சரிக்கை கொடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தார். ஸ்டோர் ரூம் வரை போகும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "நான் உண்மையத்தானே எழுதினேன்."

"சரி. உண்மையைப் பாத்துடலாம். புதன்கிழமை உங்க சட்டைக் கையை மடிங்க."

"எதுக்கு?"

"உங்க ரத்தத்தையே எடுக்கறேன். நாலு டியூப். ரெண்டு உங்க வண்டியில போகட்டும். ரெண்டை நான் பஸ்ஸுல எடுத்துட்டு வரேன். ஒரே கை, ஒரே ஊசி, ஒரே ரத்தம். கீழ ஒண்ணாப் போட்டுச் சுத்தச் சொல்லுங்க."

டியூப்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த பஸ்ஸுலயா? அதுல ஏறினா பல்லே கழண்டு விழும்!"

"விழட்டும்."

புதன்கிழமை எட்டு மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பன்னிரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்காருவது அதுவே முதல்முறை. ஊசி இறங்கியதே தெரியவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் இடித்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நாலு டியூப்புக்கும் லேபிளைத் தானே எழுதித் தானே ஒட்டினார். இரண்டில் கார், இரண்டில் பஸ். நர்ஸ் தன் இரண்டையும் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்ணாடி எல்லாம் கடகடவென்று ஆட, அந்த பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனதை இவர் ரசித்துப் பார்த்தார். பிறகு மூன்றாவது வளைவில் அதை முந்திக்கொண்டு பறந்தார்.

லேபில் அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார். பஸ் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்தது. மேடம் நாலையும் ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் சுழலவிட்டார். எடுத்து வெளிச்சத்தில் ஸ்டாண்டில் நிறுத்தினார்.

பஸ்ஸில் வந்த இரண்டும் தேன்போல் மஞ்சள். காரில் வந்த இரண்டும் ரோஸ்.

டியூப்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "லேபிள் மாறியிருக்கும்" என்றார் கடைசியில்.

"உங்க கையெழுத்துதானே?" என்றார் மேடம்.

அவர் கையெழுத்துதான். அவர் ரத்தமும்தான். தன் ரத்தமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லி ஸ்டாண்டில் நிற்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை. அப்படி ஒரு நிலை அவருக்கு இதற்கு முன் வந்ததில்லை.

"புகாரைக் கிழிச்சுப் போட்டுடுங்க மேடம்."

"எழுத்துல வந்தது எழுத்துலதான் போகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கடிதம் குடுங்க. இல்லன்னா ஆபீஸ்ல மெமோதான் நிக்கும்."

வெளியே மரபெஞ்சில் நர்ஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டியூப்காரர் பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. அதனால் கணக்கைச் சொன்னார். முன்புபோல் ஓட்டினால் எண்பத்தைந்து நிமிடம், ஐந்து நிமிடம் தாமதம், அதற்காகத்தான் இவ்வளவும் என்றார்.

"அஞ்சு நிமிஷமா?" நர்ஸ் பாட்டிலை மூடினார். "நான் குத்தி முடிச்சப்புறம் வந்து பத்து நிமிஷம் உக்காந்து நம்பர் எழுதறீங்க இல்ல? ஏழரைக்கே வாங்க. நான் எடுக்க எடுக்க நீங்க எழுதுங்க. எட்டு மணிக்குக் கிளம்பிடலாம். பத்து நிமிஷம் மிச்சம்."

டியூப்காரர் மனதுக்குள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். ஒன்பது இருபத்தைந்து. சரியாக வந்தது. எந்தக் கம்பியும் இல்லாமல் சரியாக வந்தது.

"இத ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?" என்றார் எரிச்சலாக.

"நீங்க கேட்டீங்களா? மூணு கம்பி போடறதுக்குப் பதிலா ஒரு நாற்காலி போட்டிருந்தாப் போதும்."

அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், டிக்கியைத் திறந்து, பெட்டிமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார் டியூப்காரர். பெட்டி அசையவில்லை. டம்ளர் அசையவில்லை. உள்ளே தண்ணீர் மட்டும் நடுநடுங்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே இந்த நடுக்கம். டம்ளரை எடுத்துப் பின்சீட்டில் வைத்தார். தண்ணீர் அமைதியாகிவிட்டது. ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் கம்பி வாங்கிப் பெட்டிக்குக் கொடுத்திருக்கிறது. அவர்தான் இரண்டு பெல்ட் போட்டு அதை உறுதிசெய்திருக்கிறார்.

"மச்சான், முன்னாடி இருக்கற ரெண்டும் அருமையான கம்பி. அதைக் கழட்டாதீங்க" என்றான் மைத்துனன்.

"வாயத் திறக்காத மாப்ள."

நாலு சக்கரமும் தரையில் நிற்க, டிக்கிக் கம்பியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். பாதி சுற்று வரவில்லை, டங்கென்று ஒரு சத்தம். கம்பி ஒரு விரல் தள்ளிப்போய் நின்றது. வண்டி பெருமூச்சு விட்டதுபோல் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்தது. துணைக்கு வந்திருந்த மனைவி போய்ப் பின்கதவை ஒரு விரலால் தள்ளினாள். கதவு டப்பென்று சாத்திக்கொண்டது.

மைத்துனன் கதவையே பார்த்தான். "ஜாக்கியில வண்டி முறுக்கிட்டு நின்னிருக்கு. நான் அப்படியே வச்சு முறுக்கிட்டேன் போல."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் மனைவி.

இரண்டு ஆண்களும் சிரிக்கவில்லை. டியூப்காரர் முன்கம்பிகளை விட்டுவைத்தார். பெட்டி போர்வைக்குத் திரும்பியது. இந்தத் தடவை பெட்டியைச் சுற்றித் தலையணையும் வைத்துவிட்டாள் மனைவி.

வியாழக்கிழமை ஏழு இருபத்தெட்டுக்கு அவர் கிளினிக்கில் இருந்தார். நர்ஸ் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். முதல்முறையாக எண்களோடு சேர்ந்து ஆட்களும் வந்தார்கள். ஒரு தச்சர் வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். டியூப்காரர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"நானூத்திப் பதினேழு" என்று கூப்பிட்டார் நர்ஸ்.

டியூப்காரர் தலையை நிமிர்த்தினார். உள்ளே வந்து உட்கார்ந்தது ஜெராக்ஸ் கடை அக்கா. வழக்கம்போல் முழுக்கை. அதை மெல்ல மடித்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேலே வரை நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. சில இடங்களில் தடித்திருந்தது.

"வலது கையில ஒரே ஒரு நரம்புதான் கிடைக்குது. இடது கையில சுத்தமா இல்ல" என்றார் நர்ஸ், யாரிடமும் சொல்லாததுபோல். "சிறுநீரகத்துல பிரச்சனை. வாரா வாரம் உப்பு பாக்கணும். இந்த மாசம் மட்டும் எட்டுத் தடவ குத்தியாச்சு."

அக்கா டியூப்காரரைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஊசி இறங்கும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். டியூப்காரர் நோட்டில் நானூற்றுப் பதினேழு என்று எழுதினார். அந்த எண்ணை எழுத அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்ததே இல்லை.

அன்று எண்பத்தைந்து நிமிடம் ஓட்டினார். ஒரு டியூப்கூட ரோஸ் ஆகவில்லை. மதியம் திரும்பி வந்து, ஜெராக்ஸ் கடை வாசலில் இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்துவிட்டு உள்ளே போனார். அந்தத் தெருவில் வேறு டைப்பிங் கடை இல்லை. இருந்திருந்தால் போயிருப்பார்.

"ஒரு கடிதம் அடிக்கணும்க்கா."

அக்கா நாற்காலியைத் திருப்பினார். "சொல்லுங்க."

"மேற்படி நர்ஸ் மீது நான் கொடுத்த புகார் தவறானது என்று தெரியவந்துள்ளது..."

அடித்தார்.

"ரத்த மாதிரிகள் கெட்டதற்குக் காரணம் வண்டி என்பதால்..."

அக்காவின் கை நின்றது. "வண்டியா?"

"ஆமா. வண்டியில இருந்த கம்பிதான்."

"வண்டி தானாப் போயிக் கம்பி மாட்டிக்கிச்சா?"

டியூப்காரர் தரையைப் பார்த்தார். "என் மைத்துனன்..." என்று ஆரம்பித்தார். அக்கா திரும்பவில்லை. திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"சரி, எழுதுங்க" என்றார். இருமிவிட்டுச் சத்தமாகச் சொன்னார். "நான் என் வண்டியில் மாட்டிய கம்பியோடு பெட்டியை நானே கட்டி வைத்ததால்தான் ரத்தம் கெட்டது. அது தெரிவதற்கு முன்பே நர்ஸ்மேல் பழி போட்டேன். அவர் ஊசியில் ஒரு குறையும் இல்லை. இதை என் கையிலேயே குத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்."

அக்கா அடிக்க ஆரம்பித்தார். வலது கை இரண்டு எழுத்துக்கு ஒருமுறை நின்றது. முழுக்கையின் முனையில் பஞ்சு ஒட்டியிருந்தது, காலையில் வைத்தது. டியூப்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"மெதுவாவே அடிங்கக்கா" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த எழுத்தைத் தட்டினார்.

"அன்னிக்கும் அவசரமில்லதான்" என்றார்.